கவாவுச்சி அடிக்கடி ஓடித் திறமையை வீணாக்கினாரா?

கேள்வி, 2024 ஜனவரி 6

ஜப்பானிய மாரத்தான் வீரர் யூகி கவாவுச்சியை இங்கே ஆளாளுக்குப் புகழ்கிறீர்கள். ஒரு மாரத்தான் ஓடினால் மூன்று நான்கு மாதம் இடைவெளி விடுவது உலக வழக்கம். இவர் இரண்டு வாரத்தில் அடுத்ததை ஓடுகிறார். ஒலிம்பிக்குக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. ஒழுங்காக ஒரு கம்பெனி டீமில் (நிறுவனங்கள் நடத்தும் ஓட்ட அணியில்) சேர்ந்து, வருஷத்துக்கு இரண்டே இரண்டு ஓடியிருந்தால் 2:05 (2 மணி 5 நிமிடம்) வந்திருக்கும். திறமையை வீணாக்கியவர் என்றுதான் நான் சொல்வேன். மறுக்க முடிந்தால் மறுங்கள்.

ஜனவரி 6, இரவு

மறுக்கிறேன். முதலில் அந்த 2:05 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

10,000 மீட்டரில் கவாவுச்சியின் சிறந்த நேரம் 29:02. ஜப்பானில் இது பெரிய நேரமே இல்லை. ஹக்கோனே எகிடென் என்ற பல்கலைக்கழக நெடுந்தூரத் தொடர் ஓட்டத்தில் (ரிலே) ஓடும் கல்லூரிப் பையன்களில் பல பேர் இதைவிட வேகமானவர்கள். ஒரு கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 54 விநாடி வருகிறது. இதே மனிதர் 2013 மார்ச்சில் சியோல் மாரத்தானை 2:08:14-இல் முடித்தார். அது கிலோமீட்டருக்கு 3:02. அதாவது 10 கி.மீ.க்கும் 42 கி.மீ.க்கும் நடுவே அவர் இழந்தது கிலோமீட்டருக்கு எட்டு விநாடி மட்டும்.

இதை அப்படியே எண்பதுகளின் ஜப்பானிய மாரத்தான் நட்சத்திரம் செகோ தொஷிஹிகோவோடு வைத்துப் பாருங்கள். செகோவின் 10,000 மீட்டர் நேரம் 27:42. அவருடைய மாரத்தான் சிறந்த நேரம் 1986 சிகாகோவில் வந்த 2:08:27. டிராக்கில் கவாவுச்சியைவிட ஒரு நிமிடம் இருபது விநாடி வேகமானவர், மாரத்தானில் அந்த சியோல் நேரத்துக்கு 13 விநாடி பின்னால் இருக்கிறார். காலம் வேறு, செகோ கடிகாரத்துக்காக ஓடாமல் ஜெயிப்பதற்காக ஓடியவர், எல்லாம் தெரியும். நான் சொல்ல வருவது இதுதான்: கவாவுச்சியிடம் இருந்த வேகத்தை அவர் கடைசிச் சொட்டு வரை மாரத்தானுக்குள் கொண்டுவந்தார். 2:05 ஓட வேண்டிய என்ஜினே அவரிடம் இல்லை. அப்படி இருக்க, எதை வீணாக்கினார்?

ஜனவரி 7, காலை

அவர் வந்த பாதை தெரியாமல் அவருடைய முறையைப் புரிந்துகொள்ள முடியாது. அதைக் கொஞ்சம் எழுதுகிறேன்.

1987 மார்ச் 5-இல் பிறந்தவர், வளர்ந்தது சைதாமாவில். அம்மாதான் முதல் பயிற்சியாளர். பூங்காவில் ஓடவிட்டு நேரம் பார்ப்பார், நேரம் மோசமானால் கூடுதல் சுற்று. உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி இன்னும் கடுமையானது, காயத்துக்கு மேல் காயம். அந்த வயதில் சாதித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எனவே எகிடென் பலம் பெற்ற பல்கலைக்கழகம் எதுவும் அவரை அழைக்கவில்லை. கக்குஷூயின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஹக்கோனேயில் அந்தக் கல்லூரி டீமாகத் தகுதி பெறும் அளவுக்கு இல்லை.

ஆனால் அங்கேதான் வழி திறந்தது. அங்கிருந்த பயிற்சியாளர் கடினப் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்தார். மற்ற நாளெல்லாம் மெதுவான ஓட்டம். காயம் நின்றது, நேரம் இறங்கியது. தகுதி பெறாத கல்லூரிகளிலிருந்து பொறுக்கியெடுக்கும் கான்டோ மாணவர் தேர்வு அணியில் இடம் பிடித்து, 2007-இலும் 2009-இலும் ஹக்கோனேயின் ஆறாம் கட்டத்தை ஓடினார். மலையிலிருந்து இறங்கும் கட்டம் அது. தொடையைப் பதம் பார்க்கும் 20 கிலோமீட்டர்.

2009 ஏப்ரலில் சைதாமா மாகாண அரசு வேலை. கசுகாபே உயர்நிலைப் பள்ளியின் மாலைநேரப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தர் பணி. மதியம் 12:45-க்குத் தொடங்கி இரவு 9:15 வரை. காலையில் ஓட்டம், அப்புறம் ஆபீஸ். கம்பெனி டீம்களில் ஓடுபவர்கள் மாதம் 1,000 கிலோமீட்டருக்கு மேல் போவார்கள். இவர் 600 வாக்கில். புதன்கிழமை ஒரு ஸ்பீட் பயிற்சி, வாரக் கடைசியில் ஒரு லாங் ரன் அல்லது போட்டி.

அந்த 'அல்லது போட்டி' என்ற இடத்தில்தான் நம் விவாதமே இருக்கிறது.

ஜனவரி 7, மாலை

மேலே ஒருவர் "ஆசிரியர் வேலை, நிறைய லீவு கிடைத்திருக்கும்" என்று எழுதியிருக்கிறார். ஆசிரியர் இல்லை, அலுவலக ஊழியர். வாரம் 40 மணி நேரம். வெளிநாட்டுப் போட்டிக்கெல்லாம் தன் விடுப்பை எடுத்துத்தான் போனார்.

ஜனவரி 9

கம்பெனி டீமில் சேர்ந்திருக்கலாமே என்கிறீர்கள். கம்பெனி டீம் என்ன கொடுக்கும் என்று பார்ப்போம். பயிற்சியாளர், மசாஜ் செய்பவர், மலைமேல் முகாம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சக ஓட்டக்காரர்கள். 40 கிலோமீட்டர் பயிற்சி ஓட்டத்தில் முன்னாலும் பக்கத்திலும் நாலு பேர் ஓடுவார்கள், காரில் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு வருவார். பதிலுக்கு அந்த வீரர் ஜனவரி 1-ஆம் தேதி குன்மாவில் நடக்கும் புத்தாண்டு எகிடெனில் கம்பெனிக்காக ஓட வேண்டும். ஏழு பேர் சேர்ந்து 100 கிலோமீட்டர். வருடம் முழுதும் பயிற்சி அதைச் சுற்றியே அமையும். நல்ல மாரத்தான் வீரர்கள் பலர் இதில் உருவானார்கள், பலர் இதிலேயே தீர்ந்தும் போனார்கள்.

கவாவுச்சிக்கு இதில் எதுவும் இல்லை. காலை ஏழு மணிக்குத் தனியாக 3:05 வேகத்தில் 35 கிலோமீட்டர் ஓடுவது மனிதனால் ஆகிற காரியமா?

நான் டோக்கியோவில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். அரகாவா ஆற்றங்கரையில் விடியற்காலை ஓடுவேன். என் வேகம் அவருடையதன் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தனிமை எனக்குத் தெரியும். 25 கிலோமீட்டருக்கு மேல் கால் ஓடத் தயாராக இருக்கும், மனசு வீட்டுப் பக்கம் திரும்பும். இரவு ரிலீஸ் முடித்துவிட்டு வந்த வாரம் என்றால் 15-லேயே திரும்பும். அதே கால், ஒரு ஊர்ப் போட்டியில் சட்டையில் போட்டி எண்ணைக் குத்திக்கொண்டு நின்றால் 42-ஐயும் முடித்துவிடுகிறது. போட்டியில் சாலை மூடியிருக்கிறது, ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது, பின்னால் யாரோ வருகிறார்கள்.

ஜப்பானில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு மாகாணத்தில் மாரத்தான் உண்டு. டீம் இல்லாத ஒருவருக்கு இந்தப் போட்டிகளே டீம். அழைப்பு ஓட்டக்காரராகப் போனால் பயணச் செலவும் பெரும்பாலும் மிச்சம். கவாவுச்சி இதைப் புரிந்துகொண்டு தன் பயிற்சியையே இதன்மேல் கட்டினார். "அடிக்கடிப் போட்டி ஓடினார்" என்று நீங்கள் எண்ணும் கணக்கில் பாதிக்கு மேல் அவருக்கு லாங் ரன்.

ஜனவரி 9, சற்றுப் பிறகு

இதற்கு ஆதாரம் கேட்டால் 2013-ஐப் பாருங்கள்.

ஜனவரி 18, எகிப்தின் லக்ஸர். பாஸ்போர்ட்டை மறந்துவிட்டு விமான நிலையம் போய், விமானத்தைத் தவறவிட்டு, சொந்தக் காசில் வேறு டிக்கெட் வாங்கிப் போய்ச் சேர்ந்தார். 2:12:24, முதலிடம். பிப்ரவரி 3, பெப்பு–ஓயிட்டா. 2:08:15, முதலிடம், போட்டிச் சாதனை. மார்ச் 17, சியோல். 2:08:14. இரண்டரை மாதத்துக்குள் இவை மூன்றும்.

டிசம்பரில் ஃபுகுவோகா 2:09:05. சரியாக இரண்டு வாரம் கழித்து ஹோஃபு 2:09:15. ஒரே காலண்டர் வருடத்தில் 2:10-க்குள் நான்கு மாரத்தான். அந்த நான்கிலும் சக்தி தீர்ந்துபோன அறிகுறி எங்கே இருக்கிறது? லக்ஸருக்குப் பதினாறு நாள் கழித்து அவர் நான்கு நிமிடம் வேகமாக ஓடினார்.

பெப்புவில் அவர் யாரைத் தோற்கடித்தார் என்பதும் முக்கியம். நகமோத்தோ கென்தாரோ. அதற்கு ஆறு மாதம் முன்னால் லண்டன் ஒலிம்பிக்கில் ஆறாவது வந்தவர். இருவரும் கடைசிக் கட்டம் வரை தோளோடு தோள் ஓடினார்கள். நகமோத்தோ 2:08:35.

ஜனவரி 10

செகோ வாழ்நாளில் 15 மாரத்தான் ஓடி 10-இல் ஜெயித்தார் என்பதை எடுத்துக்காட்டி "இதுதான் முறை" என்கிறார் ஒரு நண்பர். உண்மைதான். ஃபுகுவோகா நான்கு முறை, பாஸ்டன் இரண்டு முறை, லண்டன், சிகாகோ என்று அவர் ஜெயித்த பட்டியல் இன்னொரு ஜப்பானியருக்கு வாய்க்குமா தெரியவில்லை. செகோமேல் எனக்கு அளவில்லாத மரியாதை.

ஆனால் அந்த முறையின் விலையையும் பாருங்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக் நேரத்தில் அவர் உலகத்தின் சிறந்தவர்களில் ஒருவர். ஜப்பான் புறக்கணித்தது. 1984 லாஸ் ஏஞ்சலிஸில் 14-ஆம் இடம். 1988 சியோலில் 9. எல்லாவற்றையும் நான்கு வருடத்துக்கு ஒரு காலை நேரத்தில் கொண்டுபோய் வைத்தால், அந்த ஒரு காலை கைவிட்டால் என்ன செய்வது? கவாவுச்சிக்கு ஒரு ஞாயிறு கைவிட்டால் அடுத்த ஞாயிறு இருந்தது.

ஜனவரி 13

மூன்று நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி கேட்டவர் பக்கத்திலும் ஒரு வலுவான இடம் இருக்கிறது. அவரே அதைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

2011 பிப்ரவரி டோக்கியோ மாரத்தானில் 2:08:37 ஓடி மூன்றாம் இடம், ஜப்பானியர்களில் முதலிடம். அதற்கு முந்தைய வருடம் அதே டோக்கியோவில் 2:12:36. ஒரே வருடத்தில் நான்கு நிமிடம் இறக்கி, கோட்டைத் தாண்டியதும் சரிந்து விழுந்தார். அரசு ஊழியர் ஒருவர் கம்பெனி வீரர்கள் எல்லாரையும் முந்திவிட்டார் என்று நாடே பேசியது. அந்த ஆண்டு தென் கொரியாவின் தேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் 18-ஆம் இடம்.

அப்புறம் லண்டன் ஒலிம்பிக் தேர்வு. டிசம்பரில் ஃபுகுவோகாவில் 2:09:57, மூன்றாம் இடம், மறுபடி ஜப்பானியர்களில் முதல். அங்கேயே நிறுத்தியிருந்தால் தேர்வுக் குழு அவரைக் கட்டாயம் பரிசீலித்திருக்கும். அவருக்கு அந்த நேரம் போதவில்லை. இதை வைத்துக்கொண்டு ஒலிம்பிக்கில் நிற்க முடியாது என்று நினைத்தார். இரண்டு வாரத்தில் ஹோஃபு ஓடினார். 2012 பிப்ரவரியில் மறுபடி டோக்கியோ. 14-ஆம் இடம், 2:12:51. தலையை மொட்டையடித்துக்கொண்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். லண்டன் போனது வேறு மூன்று பேர்.

இந்த இடத்தில் கொஞ்சம் ஓய்வு எடுத்திருக்கலாம் என்பதை என்னாலும் தள்ள முடியவில்லை. அவருடைய முறை அவரைத் தூக்கியது, இந்த ஒரு முறை கீழேயும் போட்டது.

ஆனாலும் ஒன்று. அன்றைக்கு டோக்கியோவில் 2:07:48 ஓடி ஒலிம்பிக் இடம் பிடித்த ஃபுஜிவாரா அராத்தாவும் அப்போது எந்தக் கம்பெனி டீமிலும் இல்லாதவர். டீம் இருந்தால்தான் போக முடியும் என்பதற்கு 2012 சாட்சி சொல்லவில்லை.

ஜனவரி 14

சுபுராயா கோகிச்சியைப் பற்றி ஒரு தோழி கேட்டிருந்தார். தலைப்பை விட்டு விலகுகிறோம், ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

1964 டோக்கியோ ஒலிம்பிக். சுபுராயா தற்காப்புப் படையில் இருந்தவர். இரண்டாவதாக மைதானத்துக்குள் வந்தார். கடைசிச் சுற்றில், சொந்த நாட்டு மக்கள் கண்முன்னால், பிரிட்டனின் பாசில் ஹீட்லி முந்திவிட்டார். வெண்கலம். அந்த ஒலிம்பிக்கில் தடகளத்தில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அது, ஆனால் தன் மக்கள் முன்னால் பெரிய தவறு செய்துவிட்டதாகவே அவர் கருதினார். அடுத்த ஒலிம்பிக்கில் சரிசெய்வேன் என்று சொன்னவரைக் காயங்கள் விடவில்லை. மேலதிகாரிகள் கல்யாணத்தையும் தடுத்தார்கள். 1968 ஜனவரியில், மெக்சிகோ ஒலிம்பிக் ஆண்டு பிறந்த சில நாளிலேயே, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 27.

இதை எழுதும்போதே கை நிற்கிறது. மாரத்தான் ஜப்பானில் எவ்வளவு பெரிய பாரம் என்பதற்கு இதைவிட வேறு சொல்ல வேண்டாம். 2012-இல் மொட்டைத் தலையோடு நின்ற கவாவுச்சியின் படத்தைப் பார்த்தபோது எனக்கு சுபுராயாவின் நினைவு வந்து பயமாக இருந்தது. ஆனால் அவர் அடுத்த மாதமும் ஓடினார், அதற்கடுத்த மாதமும் ஓடினார். அவர் அடிக்கடி ஓடியதை நான் இவ்வளவு பிடிவாதமாக ஆதரிப்பதற்கு இதுவும் காரணம்.

ஜனவரி 16

நாட்டுச் சீருடையில் அவர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2011 தேகு 18-ஆம் இடம், 2013 மாஸ்கோ மறுபடி 18. 2014 இன்ச்சோன் ஆசிய விளையாட்டில் வெண்கலம், தங்கம் வென்ற பஹ்ரைன் வீரருக்கும் இவருக்கும் நடுவே நான்கு விநாடி. 2017 லண்டன் உலகப் போட்டியில் 9-ஆம் இடம், எட்டாம் இடத்துக்கு மூன்று விநாடி. எட்டுக்குள் வந்தால் அது ஜப்பானில் தனிக் கௌரவம். கோடை வெயில் தனக்கு ஆகாது என்பதை அவர் மறைத்ததில்லை. இந்தப் போட்டியோடு தேசிய அணியிலிருந்து விலகுவதாகச் சொன்னார். பிறகு 2019 தோஹா உலகப் போட்டிக்கு, அதுவும் நள்ளிரவு ஓட்டம் என்பதால், மறுபடி போனார். 29-ஆம் இடம்.

உலகப் போட்டிகளும் ஒலிம்பிக்கும் கோடையில் நடக்கின்றன. குளிரில் ஓடப் பிறந்த உடம்பு அவருடையது. ஒலிம்பிக் போகவில்லை என்ற அளவுகோலைக் கையில் எடுக்கும்போது இதையும் சேர்த்து எடுங்கள்.

ஜனவரி 20

இனி பாஸ்டன். இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன்.

2018 ஜனவரி 1. கம்பெனி வீரர்கள் குன்மாவில் எகிடென் ஓடிய அதே நாள், கவாவுச்சி அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், மார்ஷ்ஃபீல்ட் என்ற சின்ன ஊரில் நின்றார். மைனஸ் 17 டிகிரி வாக்கில் குளிர். விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் தொடங்கிய ஓட்டம், 2:18:59-இல் முடித்தார். 2:20-க்குள் அதிக மாரத்தான் ஓடியவர் என்ற பெருமை அமெரிக்கர் டக் கர்ட்டிஸிடம் இருந்தது, அதை முந்தும் முயற்சியில் ஓடிய ஓட்டங்களில் ஒன்று இது. வேடிக்கை என்று பலர் சிரித்தார்கள். ஏப்ரலில் பாஸ்டன் ஓடப்போகிறவர் அந்த மாகாணத்துக் குளிரை முன்கூட்டியே நெஞ்சில் வாங்கிப் பார்த்தார் என்று நான் படிக்கிறேன்.

ஏப்ரல் 16. பாஸ்டனில் 5 டிகிரிகூட இல்லை. கொட்டும் மழை, முகத்தில் அறையும் எதிர்க்காற்று. நடப்பு உலக சாம்பியனும் முந்தைய ஆண்டு பாஸ்டனை வென்றவருமான ஜெஃப்ரி கிருயி இருந்தார். எத்தியோப்பியாவின் தமிரத் தோலா, லெலிசா தெசிசா, அமெரிக்காவின் கேலன் ரப் இருந்தார்கள். துப்பாக்கி வெடித்ததும் கவாவுச்சி தனியாகப் பாய்ந்து முதல் மைலை 4:37-இல் ஓடினார். கூட்டம் அவரைப் பிடித்தது. மறுபடி பாய்ந்தார். மறுபடி பிடித்தார்கள். இப்படியே பலமுறை. பார்த்தவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். எதிர்க்காற்றில் எல்லாரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து ஓடத்தான் விரும்புவார்கள். அந்தச் சுகத்தை அவர் யாருக்கும் விடவில்லை.

பாதிக்கு மேல் கிருயி தனியாகப் பிரிந்து போனார். ஒரு நிமிடத்துக்கும் மேல் முன்னிலை. தோலா, தெசிசா, ரப் மூவரும் விலகிவிட்டார்கள். குளிர் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் கிருயியையும் எடுத்தது. ஏறக்குறைய இரண்டு மைல் மிச்சமிருக்க, கவாவுச்சி அவரைத் தாண்டிப் போனார். 2:15:58. கிருயி 2:18:23. செகோ 1987-இல் ஜெயித்த பிறகு பாஸ்டனில் ஒரு ஜப்பானிய ஆண் ஜெயிப்பது அதுவே முதல். 1976-க்குப் பிறகு அங்கே வெற்றி பெற்ற நேரங்களில் மிக மெதுவானதும் அதுதான். தனக்கு இதைவிட நல்ல வானிலை கிடைத்திருக்காது என்று முடித்ததும் சொன்னார்.

அதே நாளில் பெண்கள் பிரிவில் இரண்டாவது வந்தவர் சேரா செல்லர்ஸ். முழுநேர நர்ஸ், விடியலுக்கு முன்னும் வேலை முடிந்தும் பயிற்சி செய்தவர். வசதியாகப் பழகிய உடம்புகள் நின்றுவிட்ட நாளில், அலுத்துப்போன காலோடு ஓடப் பழகியவர்கள் ஓடி முடித்தார்கள்.

கேள்வி கேட்ட நண்பரே, அந்த நாளை நீங்கள் சொல்லும் கவாவுச்சி, வருஷத்துக்கு இரண்டு மட்டும் ஓடும் கவாவுச்சி, ஜெயித்திருப்பாரா? இதற்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஜனவரி 21

பதில் வந்தது: "பாஸ்டன் அதிர்ஷ்டம். 2021-ஐச் சொல்லுங்கள்." நியாயமான திருப்பு.

விஷயம் தெரியாதவர்களுக்கு: பாஸ்டன் முடிந்து ஊர் திரும்பிய விமான நிலையத்திலேயே, அடுத்த ஆண்டு அரசு வேலையை விட்டு முழுநேர வீரராகப் போவதாக அறிவித்தார். அரசு ஊழியராக ஸ்பான்சர் வாங்க முடியாது. 150,000 டாலர் பரிசுப் பணம் கையில் வந்தது அந்த முடிவுக்கு உதவியிருக்கும். 2019 ஏப்ரலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் ஆதரவோடு மாறினார். 2020-இல் கொரோனா. போட்டிகளே இல்லை. அந்த டிசம்பரில் ஹோஃபுவில் 2:20-க்குள் நூறாவது மாரத்தான். 2021 பிப்ரவரி 28, பிவா ஏரி மாரத்தான், 2:07:27. சியோல் நேரத்தை எட்டு வருடம் கழித்து 47 விநாடி இறக்கினார், 34 வயது ஆக ஒரு வாரம் இருக்கும்போது.

குறைவாக ஓடியதும் நேரம் வந்துவிட்டது, ஆகவே என் கருத்தே சரி என்பது உங்கள் வாதம். பாதி ஒத்துக்கொள்கிறேன். தூங்க நேரம், ஸ்பான்சர், போட்டி இல்லாத மாதங்கள், எல்லாம் சேர்ந்து அவரைப் புதுப்பித்திருக்கும். ஆனால் அதே பிவாவில் சுசுகி கெங்கோ 2:04:56 ஓடி தேசியச் சாதனை படைத்தார். கவாவுச்சி 2:07:27 ஓடியும் பத்தாவது! காற்றே இல்லாத, குளிர்ந்த காலை. தடித்த அடிப்பாகமும் கார்பன் தகடும் வைத்த ஷூக்கள் வந்து எல்லார் நேரத்தையும் இறக்கிய காலம். அன்று ஓடிய ஜப்பானியர்களில் சொந்தச் சாதனை படைக்காதவர்களைத் தேட வேண்டும். எனவே அந்த 47 விநாடியை ஓய்வுக்கு மட்டும் எழுதிவைக்க எனக்கு மனசு வரவில்லை. அப்படியே எழுதிவைத்தாலும் 2:07. நீங்கள் சொன்ன 2:05 இன்னும் வெகு தூரம்.

ஜனவரி 28

போன அக்டோபர் 15-இல் நடந்த, பாரிஸ் ஒலிம்பிக்குக்கான ஜப்பானியத் தேர்வு ஓட்டத்தை நான் மத்திய டோக்கியோவில் சாலையோரம் நின்று பார்த்தேன். விடாத மழை. குடை பிடித்தால் பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கும் என்று யாரும் பிடிக்கவில்லை. முதலில் போலீஸ் மோட்டார் சைக்கிள் வந்தது, அப்புறம் தன்னந்தனியாக ஒருவர். தலை ஒரு பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் முழுக்க வலி. பின்னால் கூட்டம் வர நேரமானது. பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் "கவாவுச்சி-குன்! கவாவுச்சி-குன்!" என்று தன் பேரனைக் கூப்பிடுவதுபோலக் கத்தினார். நானும் கத்தினேன்.

36 வயது. தொடக்கத்திலிருந்து முன்னால் போய், 35 கிலோமீட்டர் வரை பிடி கொடுக்கவில்லை. பிடிபட்ட பிறகு அப்படியே கரைந்து இருபதாவது இடத்துக்குப் போவதுதான் வழக்கம். அவர் போகவில்லை. கோயாமா நவோகி 2:08:57, அகசாக்கி அகிரா 2:09:06, ஓசாக்கோ சுகுரு 2:09:11, கவாவுச்சி 2:09:18. மூன்றாம் இடத்துக்கு ஏழு விநாடி. பின்னால் வந்தவர்கள் அவரைவிட டிராக்கில் ஒரு நிமிடத்துக்கு மேல் வேகமானவர்கள், பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்களும் நிறைய.

இத்தனை மாரத்தான் ஓடிய கால் 36 வயதில் இப்படி ஓடியது. தேய்ந்துபோனது என்று இன்னும் சொல்லப்போகிறீர்களா?

2024 ஆகஸ்ட் 11

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். நேற்று பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் அகசாக்கி ஆறாம் இடம், 2:07:32! ஓசாக்கோ 13, கோயாமா 23. அந்த மேடான தடத்தில் அகசாக்கி முன்னணிக் கூட்டத்தில் ஓடியதைப் பார்த்துக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அக்டோபர் மழையில் கவாவுச்சி எப்படிப்பட்ட ஆட்களை 35 கிலோமீட்டர் துரத்தவிட்டார் என்பதற்கு இது நல்ல அளவு.

பாரிஸ் வெயிலில் கவாவுச்சி இதைச் செய்திருப்பாரா என்றால், இல்லை. தேர்வு சரியாகவே நடந்தது.

2024 ஆகஸ்ட் 13

கேள்வி கேட்ட நண்பர் தனிச்செய்தியில் கேட்டதை அவர் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். இவ்வளவு ஆதரிக்கிறீர்களே, நானும் மாதம் ஒரு மாரத்தான் ஓடலாமா என்கிறார். முதல் மாரத்தான் டிசம்பரில் ஓடப் போகிறாராம்.

வேண்டாம். கவாவுச்சி கல்லூரி நான்கு வருடம் மெதுவான ஓட்டத்திலேயே கழித்துக் காயத்தைத் துரத்தியவர். அவர் பயிற்சிக்காக ஓடிய 2:15, அவர் உடம்புக்கு முழு முயற்சியே இல்லை. வாரத்தில் ஐந்து நாள் அவர் மெதுவாக ஓடினார், அந்த ஐந்து நாளை யாரும் படம் பிடிக்கவில்லை. முதலில் அதைச் செய்யுங்கள். டிசம்பருக்கு முன்னால் நவம்பரில் ஒரு ஹாஃப் மாரத்தான் போதும். லாங் ரன்னுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் ஞாயிறு காலை அரகாவா கரைக்கு வாருங்கள், நான் அங்கேதான் இருப்பேன்.